அபிஜான் துறைமுகத்தில் முந்திரிக்கொட்டை ஏற்றலாமா? வாங்குபவர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பண்ருட்டிக்கும் கன்னியாகுமரிக்கும் கொல்லத்துக்கும் உள்ளூர்க் கொட்டை ஆண்டு முழுக்க வராது. ஆலை ஓட வேண்டுமென்றால் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும். எந்தத் துறைமுகத்திலிருந்து என்பதுதான் கேள்வி. பெனின் நாடு 2024 ஏப்ரல் முதல் ஓடு உடைக்காத பச்சைக் கொட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டதால், அதன் துறைமுகமான கோட்டோனூவை நம்பியிருந்தவர்களும் இப்போது ஐவரி கோஸ்ட் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். உலகிலேயே அதிகமாக முந்திரிக்கொட்டை விளையும் நாடு அதுதான். 2022இல் 10 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி கப்பலேறும் இடம் அபிஜான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவோம். கன்டெய்னர் பெட்டி ஏற்றி அனுப்பும் இடமாக அபிஜானைத் தாராளமாக நம்பலாம். ஆழம், கிரேன், கப்பல் வரத்து மூன்றிலும் அந்தக் கரையில் முன்வரிசைத் துறைமுகம் அது. ஆனால் கொட்டையின் தரம் துறைமுகத்தோடு சேர்ந்து வருவதில்லை. அதை துறைமுகத்தை ஒட்டிய விரிதி பகுதியின் கிடங்கில் கத்தி வைத்து அறுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நல்ல துறைமுகத்திலிருந்து மட்டமான சரக்கு வந்து இறங்குவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

அந்தத் துறைமுகம் ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஏற்றுமதிக்கு நாள் குறிப்பவருக்கும் அது உதவும். கினி வளைகுடாவின் இந்தப் பகுதிக் கரை நேர்மணல். இயற்கைத் துறைமுகம் கிடையாது. அலை கரையிலேயே உடையும். கப்பல் தூரத்தில் நங்கூரமிட, படகில் சரக்கைக் கொண்டுபோவார்கள். 1893இல் பிரெஞ்சுக்காரர்கள் தலைநகராக வைத்த கிராண்ட் பசாமில் 1901இல் கடலுக்குள் ஒரு இரும்புப் பாலம் போட்டுச் சரக்கு ஏற்றினார்கள். அதற்கு முன்பே, 1899இல் மஞ்சள் காய்ச்சல் அந்த ஊரைக் காலி செய்ததால் தலைநகர் பிஞ்ஜெர்விலுக்குப் போய், 1934இல் அபிஜானுக்கு வந்தது. அபிஜானுக்கு உள்ளே எப்ரியே உப்பங்கழி இருக்கிறது. ஆழமான, அலையில்லாத தண்ணீர். ஆனால் அதற்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. 1900களின் தொடக்கத்தில் போர்-புவேயில் அதை வெட்டித் திறக்கப் பார்த்தார்கள். வெட்ட வெட்ட மணல் வந்து மூடிவிட்டது.

இரண்டாவது முயற்சியில் இடத்தைச் சரியாகப் பிடித்தார்கள். விரிதிக்கு எதிரே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே தொடங்குகிறது. கரையோரமாக நகர்ந்து வரும் மணல் வாய்க்காலின் வாயை அடைப்பதற்கு முன் அந்தப் பள்ளத்தில் போய் விழுந்துவிடும். 1936இல் தொடங்கி, உலகப் போரில் நின்று, 1950இல் விரிதி வாய்க்கால் திறந்தது. நீளம் 2.7 கி.மீ. அடுத்த ஆண்டே துறைமுகம் முறையாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து வடக்கே போன ரயில் 1934இல் போபோ-துயுலாசோவையும் 1954இல் வாகடூகுவையும் எட்டியது. கடல் இல்லாத புர்கினா ஃபாசோவுக்கும் மாலிக்கும் அபிஜான் வாசலாக ஆனது இந்த ரயிலாலும் வாய்க்காலாலும்தான். 1960இல் விடுதலை பெற்றபோது 2 லட்சத்தைக்கூடத் தொடாத நகரம், 2021 கணக்கெடுப்பில் 63 லட்சம். கொக்கோ, காபி, மரம், ரப்பர், சூரை மீன், முந்திரி எல்லாம் இந்த ஒரே வாய்க்கால் வழியாகப் போகிறது.

இன்றைய நிலைக்கு வருவோம். பழைய பெட்டி முனையத்தில் ஆழம் குறைவு. பெரிய கப்பல் முழுச் சுமையோடு வர முடியாது. 2019இல் வாய்க்காலை அகலப்படுத்தி ஆழப்படுத்தினார்கள். 2022இன் இறுதியில் இரண்டாவது முனையம் ஓடத் தொடங்கியது. அங்கே 16 மீட்டர் ஆழம், 1,100 மீட்டர் துறைமேடை, ஆண்டுக்கு 15 லட்சம் பெட்டி கொள்ளளவு. பெரிய கப்பல் நேரடியாக வருவதால் வேறு துறைமுகத்தில் மாற்றி ஏற்றும் தொல்லை குறைகிறது. தூத்துக்குடிக்கு முன்பதிவு செய்யும்போது எந்த முனையம், எங்கே மாற்று ஏற்றம் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொழும்பில் மாற்றி ஏற்றினால் அங்கே பெட்டி காத்திருக்கும் நாள்தான் மொத்தப் பயணத்தையும் நீட்டிவிடும். ஒரு மாதம் என்று சொன்னது ஒன்றரை மாதம் ஆவது பெரும்பாலும் அங்கேதான்.

குறை எங்கே என்றால் துறைமுகத்துக்கு வெளியே. விரிதி, திரேஷ்வில் சாலைகளில் லாரி வரிசை நீளமானது. முந்திரி ஏற்றும் உச்ச மாதங்களில் கொக்கோவின் இடைப்பருவச் சரக்கும் சேர்ந்து இறங்குகிறது. கிடங்கில் கொட்டை தயாராக இருந்தும் பெட்டி கப்பலைத் தவறவிடுவதற்கு இந்த வரிசைதான் முதற்காரணம். கப்பலுக்குப் பெட்டி வாங்குவதை முனையம் மூடும் நாளுக்குக் குறைந்தது மூன்று நான்கு நாள் முன்பே பெட்டி முனையத்துக்குள் போய்விட வேண்டும் என்று ஏற்றுமதியாளரிடம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வையுங்கள்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். 2002இல் உள்நாட்டுப் போர் வந்தபோது வடக்கே போகும் ரயில் ஓராண்டு நின்றது. மாலி, புர்கினா சரக்கு கானாவின் தேமா துறைமுகத்துக்கும் டோகோவின் லோமேவுக்கும் போய்விட்டது. 2010 தேர்தலுக்குப் பிந்தைய சண்டையில் 2011இன் முதல் மாதங்களில் துறைமுகமே முடங்கியது. அதுவும் முந்திரிப் பருவத்திலேயே. அதற்குப் பிறகு நிலைமை வெகுவாகத் தேறியிருக்கிறது. ஆனாலும் தேர்தல் ஆண்டில் மொத்தத் தேவையையும் ஒரே துறைமுகத்தில் கட்டிப்போடுவது சரியல்ல.

கொட்டை விளைவது வடக்கிலும் நடுப்பகுதியிலும் கிழக்கிலும். கோரோகோ, புவாக்கே, பொண்டூகு என்ற பெயர்கள் விலைப்பேச்சில் அடிக்கடி வரும். பழக்கப்பட்டவர்கள் கிழக்கே கானா எல்லையை ஒட்டிய பொண்டூகுச் சரக்குக்கு முன்னுரிமை தருகிறார்கள். அறுவடை பிப்ரவரியில் தொடங்கி ஜூன்வரை போகும். ஊரில் கொள்முதல் செய்யும் பிஸ்தேர், அவருக்கு மேலே கூட்டுறவுச் சங்கம் அல்லது மொத்த வியாபாரி, அப்புறம் அபிஜான் ஏற்றுமதியாளர் என்று கை மாறி வருகிறது. ஒவ்வொரு கையிலும் இருப்புச் சரக்கு கலக்க வாய்ப்பு உண்டு.

இதையெல்லாம் மேற்பார்ப்பது அந்நாட்டு அரசின் பருத்தி மற்றும் முந்திரி கவுன்சில். ஒவ்வொரு பருவத்துக்கும் விவசாயிக்கான குறைந்தபட்ச விலையை அதுதான் அறிவிக்கிறது. 2023இல் கிலோ 315 சிஎஃப்ஏ பிராங்க் (அந்நாட்டு நாணயம்), 2024இல் 275, 2025இல் 425. ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்ற நிலையான கணக்கில் அது கட்டப்பட்டது. ஆகவே 425 பிராங்க் என்றால் கிட்டத்தட்ட 65 யூரோ சென்ட். நாம் டாலரில் வாங்குகிறோம், அவர்களுக்கு அடக்கவிலை யூரோவோடு ஏறி இறங்குகிறது. யூரோ ஏறும் மாதத்தில் ஏற்றுமதியாளர் விலையைக் குறைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். அறிவித்த விலையோடு சாக்கு, லாரி, கிடங்கு, உலர்த்தல் கழிவு, ஏற்றுமதி வரி, அவர் லாபம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகைக்குக் கீழே யாராவது விலை சொன்னால் சரக்கு பழையதாக இருக்கும், இல்லையென்றால் சரக்கே இருக்காது.

கவுன்சிலின் விதிகளில் வாங்குபவருக்கு முக்கியமானவை மூன்று. ஏற்றுமதி செய்ய அந்தப் பருவத்துக்கான அனுமதி வேண்டும். பழைய அனுமதி செல்லாது, பெயரைப் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். கொட்டை தரைவழியாக எல்லை தாண்டக் கூடாது, அபிஜான் அல்லது சான்-பெட்ரோ துறைமுகம் வழியாகத்தான் போக வேண்டும். சணல் சாக்கு கட்டாயம். மூன்றாவது விதியை நாம் மனதார வரவேற்க வேண்டும். பிளாஸ்டிக் சாக்கில் காற்றோட்டம் இல்லாமல் கொட்டை வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், நார் உதிர்ந்து பருப்போடு வரும்.

உள்நாட்டு உடைப்பு ஆலைகளுக்குத்தான் முதல் பங்கு என்பது அரசின் நிலை. அங்கேயே உடைக்கப்படும் அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடி, விளைச்சலில் கணிசமான பகுதியைத் தொட்டிருக்கிறது. பருவத்தின் நடுவில் ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒப்பந்தத்தில் அரசு தடை வந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். 2024இல் விளைச்சல் குறைந்து விலை ஏறியபோது மேற்கு ஆப்பிரிக்க ஏற்றுமதியாளர்கள் பலர் முன்பு பேசிய விலைக்குச் சரக்கு தரவில்லை. வியட்நாம் ஆலைக்காரர்களுக்குப் பலத்த அடி. வியட்நாம்தான் இந்தக் கொட்டையின் மிகப் பெரிய வாடிக்கையாளர். அவர்களுக்கே அந்த நிலை என்றால் இரண்டு மூன்று பெட்டி வாங்கும் சிறு ஆலைக்கு என்ன பிடிமானம் இருக்கும்?

தரம் பார்ப்பதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் லாபமும் நட்டமும் இங்கேதான் தீர்மானமாகிறது.

மாதிரி எடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். நெல் மூட்டைக்குப் போடும் குத்தூசி இதற்கு உதவாது, கொட்டை பெரியது. மூட்டையைப் பிரித்து மேலே, நடுவே, அடியே மூன்று இடத்திலும் கையால் எடுக்க வேண்டும். லாரியின் பின்பக்கம் கைக்கு எட்டும் மூட்டைகளில் மட்டும் எடுத்துத் தருவதை ஏற்கவே கூடாது. அடுக்கைக் கலைத்து, பத்து மூட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை நீக்கி, மறுபடி கலந்து பிரித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு கிலோ மிஞ்சும். கல், குச்சி, பழத்தோல் தனியாக எடை போட வேண்டும்.

முதலில் எண்ணிக்கை. ஒரு கிலோவில் எத்தனை கொட்டை? 200ஐச் சுற்றி இருந்தால் ஐவரி கோஸ்ட் சரக்குக்கு இயல்பு. அது ஏற ஏறக் கொட்டை பொடி, முழுப்பருப்பும் பொடி. அப்புறம் ஈரப்பதம். மீட்டர் இல்லாத இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டில் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. மீட்டர் இருந்தால் 10 சதவீதத்துக்கு மேல் காட்டும் சரக்கைப் பெட்டியில் ஏற்ற ஒப்பக் கூடாது. 8க்கும் 9க்கும் இடையில் இருந்தால் நிம்மதி.

பிறகு அறுப்பு. அந்த ஒரு கிலோவின் ஒவ்வொரு கொட்டையையும் நீளவாக்கில் இரண்டாக அறுத்து மூன்று குவியலாக்க வேண்டும். கையுறை இல்லாமல் உட்கார வேண்டாம், ஓட்டெண்ணெய் தோலை வெந்துபோகச் செய்யும். நல்லவை முதல் குவியல். தேயிலைக் கொசு குத்திய புள்ளி விழுந்தவை, முற்றாமல் சுருங்கியவை இரண்டாவது. பூஞ்சை, அழுகல், எண்ணெய் ஊறிப் பழுப்பேறியவை, வெறும் கூடு மூன்றாவது. முதல் இரண்டு குவியலிலும் பருப்பை உள்தோலோடு ஓட்டிலிருந்து எடுத்து எடை போடுங்கள். முதல் குவியலின் எடை முழுதாகவும், இரண்டாவதில் பாதியும் கணக்கில் சேரும். மூன்றாவதற்கு மதிப்பில்லை. கூட்டுத்தொகையை 0.17637ஆல் பெருக்கினால் அவுட்டர்ன் கிடைக்கும். அதாவது 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்ற கணக்கு.

எடுத்துக்காட்டாக, நல்ல பருப்பு 255 கிராம், புள்ளி விழுந்தது 24 கிராம் என்றால் 255 + 12 = 267. பெருக்கினால் 47.09 பவுண்டு. 47 பவுண்டுக்கு டன் 1,300 டாலர் என்று பேசியிருந்தால் அவுட்டர்னில் ஒரு பவுண்டுக்கு டன் விலையில் 27.66 டாலர். தூத்துக்குடியில் இறக்கி அறுத்தபோது 45 வந்தால், 25 டன் பெட்டிக்கு 1,383 டாலர் விழுந்துவிட்டது. அதைத் திரும்ப வாங்கும் விகிதக் கழிவு, எத்தனை பவுண்டுக்குக் கீழே போனால் சரக்கையே மறுக்கலாம் என்ற வரம்பு, எந்த ஊர் சர்வேயர் (எடையும் தரமும் சரிபார்க்கும் பொது ஆள்) சொல்வது இறுதி என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஏற்றும் இடத்துச் சான்றே இறுதி என்று எழுதிவிட்டு வருத்தப்படுபவர்கள் நிறைய. இறங்கும் இடத்தில் இருதரப்பும் ஒப்பிய சர்வேயர் என்று எழுத வைப்பதுதான் பாதுகாப்பு.

ஐவரி கோஸ்ட் சரக்கு பொதுவாக 46 முதல் 48 பவுண்டு. கினி-பிசாவ் கொட்டை 50ஐத் தாண்டும், விலையும் அப்படியே. அபிஜானிலிருந்து 50 தருகிறேன் என்பவரிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. பருவக் கடைசியில் எண் இறங்கும். காரணம் மழை. அபிஜானில் மே மாதம் பிடிக்கும் மழை ஜூனில் உச்சத்துக்குப் போகும். மரத்தடியில் கிடந்து நனைந்த கொட்டை, மழையில் வந்த லாரி, ஈரத் தரையில் அடுக்கிய கிடங்கு மூன்றும் ஒன்றாகச் சேரும் மாதம் அது. பழைய பருவக் கொட்டை கலந்திருந்தால் ஓடு கறுத்து மங்கி இருக்கும், அறுத்தால் பருப்பு மஞ்சளடித்திருக்கும். மார்ச், ஏப்ரலில் ஏற்றிய சரக்குக்கு டன்னுக்குச் சில டாலர் கூடக் கொடுப்பது, ஜூன் சரக்கை மலிவாக வாங்குவதைவிட எப்போதும் மேல்.

எடைக் கணக்கும் இங்கே சேரும். 10 சதவீத ஈரத்தோடு ஏற்றிய கொட்டை வழியில் 8 சதவீதத்துக்கு வந்தால் எடையில் 2.17 சதவீதம் போய்விடும். 25 டன் பெட்டியில் அது 543 கிலோ. திருட்டு ஒன்றும் இல்லை, தண்ணீர்தான். ஆனால் பணம் நம்முடையது. எவ்வளவு எடைக்குறைவு வரை பொறுத்துக்கொள்வது என்பதை ஒப்பந்தத்தில் சதவீதமாக எழுதிவிடுங்கள்.

பெட்டியில் அடுக்கும் வேலையை நேரில் பார்க்க ஆள் வைப்பது வீண் செலவே இல்லை. 40 அடி நீளமும் கூடுதல் உயரமும் உள்ள பெட்டியில் 80 கிலோ சாக்கு 310 சொச்சம் போகும். அடுக்கத் தொடங்குவதற்கு முன் ஒருவரை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். கூரையிலோ பக்கத்திலோ வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். தரை காய்ந்திருக்க வேண்டும், முந்தைய சரக்கின் வாடை இருக்கக் கூடாது. தரையிலும் நான்கு சுவரிலும் கிராஃப்ட் காகிதம், மேலே ஈரம் உறிஞ்சும் பைகள், கூரைக்கும் கடைசி அடுக்குக்கும் இடைவெளி. கதவோரச் சாக்குகளுக்குக் காகிதம் இரட்டையாக இருக்கட்டும், நனைவது பெரும்பாலும் அவைதான்.

இவ்வளவு எதற்கு என்றால், பெட்டி தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் நம் பக்கம் வருகிறது. நம் சரக்கு பெரும்பாலும் அந்த வழியே வரும் மே, ஜூன், ஜூலை அங்கே குளிர் மாதங்கள். அபிஜான் வெக்கையில் மூடிய பெட்டியின் இரும்புக் கூரை அந்தக் குளிரில் சில்லிட்டு, கொட்டையிலிருந்து எழுந்த ஆவி கூரையில் துளிர்த்து மேலடுக்கில் சொட்டும். தூத்துக்குடியில் கதவைத் திறந்தால் மேல் சாக்குகளில் வெள்ளைப் பூஞ்சை. கொட்டை காய்ந்திருந்தால் ஆவி அவ்வளவாக எழாது. ஈரம் உறிஞ்சும் பை ஈரக் கொட்டையைக் காப்பாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது காய்ந்த கொட்டைக்குக் கூடுதல் காவல் மட்டும்தான்.

ஆவணத்தில் பிசகு வந்தால் பெட்டி துறைமுகத்தில் நின்று வாடகை ஏறும். பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பூர்வீகச் சான்று, பைட்டோ (பயிர் நலச் சான்று), ஃபியூமிகேஷன் (பூச்சி புகைமூட்டச் சான்று), எடை மற்றும் தரச் சான்று ஆகியவற்றில் பெட்டி எண், சாக்கு எண்ணிக்கை, நிகர எடை ஒன்றுபோல இருக்க வேண்டும். அசலில் கையெழுத்து விழுவதற்கு முன் நகல் வாங்கி வரிவரியாக ஒப்பிடுங்கள். 2016 ஜூலையிலிருந்து பெட்டியின் மொத்த எடையை உறுதிசெய்து கொடுக்காமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அந்த எடையிலிருந்து காலிப் பெட்டி, சாக்கு எடைகளைக் கழித்துப் பார்த்தால் இன்வாய்ஸ் எடை உண்மையா என்று வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு இந்தியா தரும் தீர்வைச் சலுகைப் பட்டியலில் ஐவரி கோஸ்ட் இல்லை. ஆகவே சுங்கத் தீர்வையைச் சேர்த்தே அடக்கவிலை போடுங்கள்.

பணம் எல்.சி. (வங்கிக் கடன் உறுதிக் கடிதம்) மூலமே போகட்டும். புதிய ஏற்றுமதியாளருக்கு முன்பணம் வேண்டவே வேண்டாம். பி.எல். நகல் வந்ததும் பெட்டி எண்களைக் கப்பல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். எண்ணே இல்லாத பி.எல்.லுக்குப் பணம் அனுப்பியவர்கள் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காதவர்கள். தூத்துக்குடியில் பெட்டியை எத்தனை நாள் வாடகையின்றி வைத்திருக்கலாம் என்பதை முன்பதிவின்போதே பேசுங்கள். சர்வே, பைட்டோ பரிசோதனை, சுங்கம் எல்லாம் முடிய ஏழு நாள் போதாது, பதினான்கு கேளுங்கள்.

ஆள் அனுப்புவதென்றால் பிரெஞ்சு பேசுபவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். கிடங்கில் ஆங்கிலம் எடுபடாது. தங்க வசதி நகரின் வடகரையில் பிளாட்டோ, கோகொடி பக்கம் அதிகம். ஆனால் காலை நெரிசலில் பாலம் தாண்டி விரிதி வருவதற்குள் இரண்டு லாரி ஏற்றி முடிந்திருக்கும். ஆகவே தெற்குக் கரையிலேயே, மார்கோரி அல்லது திரேஷ்வில்லில் தங்குவது நல்லது. மதியத்துக்குக் கிடங்கை ஒட்டிய எந்தத் தெருவிலும் கர்பா கிடைக்கும். மரவள்ளிக் கிழங்கைப் புளிக்கவைத்து அவித்த அட்டியேக்கே ரவை, மேலே பொரித்த சூரை, வெங்காயம், மிளகாய். மலிவு, வயிறு நிறையும், சூரையும் அதே துறைமுகத்தில் இறங்கியதுதான்.

சான்-பெட்ரோ 1972இல் திறந்த இரண்டாவது துறைமுகம். அது கொக்கோவின் துறைமுகம். மேற்குப் பகுதிச் சரக்குக்கு லாரி தூரம் குறையலாம், கப்பல் தேர்வும் குறைவு. தூத்துக்குடிக்கு வாங்குபவர் விலையில் தெளிவான வித்தியாசம் இருந்தாலொழிய அங்கே போக வேண்டியதில்லை.

மாதம் பத்துப் பெட்டிக்கு மேல் உடைக்கும் ஆலைக்கு அபிஜான் பொருந்தும். சொந்த சர்வேயர், பருவம் முழுக்கக் கிடங்கில் ஒரு ஆள், இரண்டு மூன்று ஏற்றுமதியாளருக்குப் பிரித்துக் கொடுத்த ஆர்டர் என்று வைத்துக்கொண்டால் விலையும் அளவும் வேறெங்கும் இப்படி அமைவது கடினம். பருவத்துக்கு இரண்டு மூன்று பெட்டி மட்டும் வாங்கும் பண்ருட்டி யூனிட்டுக்கு இந்தச் செலவு கட்டாது. அவர்கள் தூத்துக்குடியில் இறங்கிய சரக்கை அங்கேயே சாக்கைப் பிரித்து, ஒரு கிலோ அறுத்துப் பார்த்து, கண்ட எண்ணுக்கு விலை பேசி வாங்கட்டும். டன்னுக்குக் கொஞ்சம் கூடினாலும் ஆள் செலவும் முன்பண அபாயமும் அதில் இல்லை.